யானைத் தடத்தில் நான்கு முட்டைகள்

யானைகள் நடந்து நடந்தே தடம் போட்ட ஒரு காட்டில், செம்பி என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தாள். பயம் என்றால் அப்படியொரு பயம் அவளுக்கு! காய்ந்த இலை புரண்டாலும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கூனிக்குறுகி நிற்பாள்.

ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை, குழந்தைகளே. கூழாங்கல் கிடக்கும் வெறுந்தரையில்தான் முட்டையிடும். செம்பியும் கல்லோடு கல்லாக நான்கு முட்டையிட்டாள். எங்கே தெரியுமா? யானைத் தடத்தின் நட்டநடுவே! யானைகள் மலைக்கு அந்தப் பக்கம் போய் நாளாகிவிட்டது, இனி வராது என்று நினைத்துவிட்டாள், பாவம்.

ஒரு நாள் காலையில் தரை அதிர்ந்தது.

"யானைக் கூட்டம் வருகிறதடி! முட்டை கிடக்கட்டும், நீ பறந்துவிடு!" என்று கத்திக்கொண்டே முயல் புதருக்குள் பாய்ந்தது.

"ஐயோ, என் பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே போவேன்?" என்று செம்பி பதறினாள்.

அவளுக்குத் தெரிந்தது ஒரே வித்தை. நரி வந்தால் அடிபட்டவள் போல இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடுவாள். எளிதாக இரை கிடைத்தது என்று நரியும் முட்டையை விட்டுப் பின்னாலேயே போகும். இப்போதும் அதையே செய்தாள். யானைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தழை தின்கிற யானைக்கு நொண்டிக் குருவி எதற்கு?

இன்னும் பத்தடிதான். செம்பி ஓடிவந்து முட்டைகளுக்கு முன்னால் நின்றாள். குறுகி நின்றால் தன்னையும் கல்லென்று மிதித்துவிடும் என்று அப்போதுதான் உறைத்தது. மஞ்சள் கால்களை ஊன்றினாள். கழுத்தை நிமிர்த்தினாள். நெஞ்சை முன்னே தள்ளி, இரண்டு இறக்கைகளையும் அகல விரித்தாள்.

என்ன அதிசயம்! வெடவெடவென்று ஆடிய கால்கள் ஆடவில்லை. குரல் கணீரென்று வந்தது.

"நில்லுங்கள்! என் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்!"

தலைவி யானை தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றாள். பின்னால் வந்த பதினேழு யானைகளும் நின்றன.

"என் கால் நகம் அளவுகூட இல்லை, நீயா என்னைத் தடுக்கிறாய்?"

"ஆமாம் அம்மா. சுற்றிப் போங்கள்."

தலைவி யானை வியந்துபோனாள். "தாயே, இத்தனை தைரியம் உனக்கு எங்கிருந்து வந்தது?"

"எனக்கே தெரியவில்லை. நிமிர்ந்து நின்றேன், வந்துவிட்டது."

அவ்வளவு பெரிய கூட்டமும் தடத்தை விட்டிறங்கி, முள்ளும் புதரும் மிதித்துச் சுற்றிப் போனது. கடைசி யானை மறையும் வரை செம்பி இறக்கையை மடக்கவில்லை. பிறகு மெல்லக் குனிந்து பார்த்தாள். நான்கு முட்டைகளும் வெதுவெதுப்பாக அப்படியே இருந்தன.

நீதி: தைரியம் வந்த பிறகு நிமிரலாம் என்று காத்திருக்காதே; நிமிர்ந்து நில், தைரியம் தானே வரும்.