பின்னாத பிடரி

மலையடிவாரத்துக் காட்டில் ஆனைமடு என்றொரு குளம் இருந்தது. அதன் கரையில் சுருளி என்ற மட்டக்குதிரையும் தாவி என்ற மந்தியும் சேர்ந்தே திரிந்தார்கள். சுருளி அந்த மலையிலேயே பிறந்தவள். குட்டைக் கால்கள், அகன்ற முதுகு, கண்ணை மறைக்கும் சுருட்டைப் பிடரி. அவள் முதுகில் ஏறிக் குளத்தைச் சுற்றுவது என்றால் தாவிக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

கோடை வந்தால் ஆனைமடு வற்றிவிடும். விலங்குகள் எல்லாம் மலை மேலிருக்கும் சுனைக்குக் கிளம்பும். குட்டிகளால் அந்தப் பாறைப் பாதையில் ஏற முடியாது. அவர்களைச் சுமக்க ஒரு குதிரை வேண்டும். குதிரையை ஓட்ட ஒருவர் வேண்டும். போன கோடையில் சுமந்துபோன குதிரை பாதி வழியில் மிரண்டுவிட்டது. முயல்குட்டி ஒன்று கீழே விழுந்து காலை ஒடித்துக்கொண்டது.

அதனால் இந்த முறை யானை ஆத்தா எல்லோரையும் கூட்டிக் கண்டிப்பாகச் சொன்னாள்.

"பௌர்ணமிக்கு முன்தினம் காலையில் குளக்கரையில் சவாரிப் போட்டி! நடக்க வேண்டும், துள்ளி ஓட வேண்டும், சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். சவாரிக்காரர் நடுவில் விழுந்தால் வெளியே! தேறுகிற குதிரை மட்டும் எங்களோடு மேலே வரும். சுனையில் புல் குறைவு. தேறாத குதிரை கீழே புல் நிறைந்த கரம்புக்காட்டுக்குப் போய் மழை வரும்வரை இருக்கட்டும்!"

தாவி சுருளியிடம் ஓடினாள்.

"சுருளியக்கா, நாம தேறலைன்னா நான் மேலே, நீ கீழேயா?"

"அப்படித்தான் போலிருக்கு" என்றாள் சுருளி. "சரி, ஏறு. பழகிப் பார்ப்போம்!"

போட்டிச் சவாரி வேறு மாதிரி என்பது அன்றுதான் தாவிக்குப் புரிந்தது. காதைப் பிடித்துத் தொங்கக் கூடாது. வாலை ஆட்டி வேடிக்கை காட்டக் கூடாது. துள்ளோட்டத்தில் குலுங்கிக் குலுங்கி முதல் நாளே புதருக்குள் போய் விழுந்தாள். சுருளி நின்று, குனிந்து, முதுகைக் காட்டினாள். மறுபடி ஏறினாள். மறுபடி விழுந்தாள். கொஞ்ச நாளில் இருவருக்கும் ஒரு தாளம் பிடிபட்டது.

அவர்களோடு போட்டியிட ஒரே ஒரு குதிரைதான் இருந்தான். தவளன் என்று பெயர். பால் வெள்ளை, நெடிய கால், மினுமினுக்கும் மேனி. அவன் மேல் நெட்டைக் கீரி ஒருவன் சவாரி.

போட்டிக்கு முதல் நாள் மயில் ஒன்று அந்தப் பக்கம் வந்தது.

"அட, இந்தக் கோலத்திலா போகப் போறீங்க? தவளனைப் பார்த்தீங்களா? எப்படி ஜொலிக்கிறான்! இந்தக் குதிரை புதரில் புகுந்து வந்த மாதிரி இருக்கே! பிடரியை இறுக்கிப் பின்னு! பூ வை! காலைத் தூக்கித் தூக்கி வைக்கச் சொல்லு!"

தாவிக்கு அது சரி என்றே பட்டது. காட்டுக்கொடி நாரைக் கொண்டுவந்து சுருளியின் பிடரியை இறுக்கி இறுக்கிப் பின்னினாள். முடிச்சுக்கு முடிச்சு கொன்றைப் பூ செருகினாள்.

"அழகா இருக்கே, அக்கா!" என்று கை தட்டினாள்.

சுருளி தலையை ஒருமுறை லேசாக அசைத்துப் பார்த்தாள்.

போட்டி நாள் வந்தது. கரை முழுக்கக் கூட்டம். முதலில் தவளன் வந்தான். காற்றாய் ஓடினான், வில்லாய் வளைந்தான். "ஆகா!" என்றது கூட்டம்.

அடுத்து சுருளி. நடை நன்றாகத்தான் தொடங்கியது. துள்ளோட்டம் வந்ததும் தலையை உதறினாள். பிறகு பக்கவாட்டில் இழுத்தாள். திடீரென்று பின்னங்காலைத் தூக்கி உதைத்தாள்! தாவி பறந்து போய்க் கழுத்தில் தொற்றிக்கொண்டாள். கூட்டம் சிரித்தது.

"என்ன அக்கா இது? மானத்தை வாங்குறியே!" என்று தாவி சீறினாள்.

அப்போதுதான் சுருளியின் முகத்தை அருகில் பார்த்தாள். நார் இழுத்த இழுப்பில் புருவம் மேலே ஏறியிருந்தது. முடியின் வேரில் தோல் சிவந்து கிடந்தது.

"அக்கா... வலிக்குதா?"

"நேத்திலிருந்து வலிக்குது."

"ஏன் சொல்லலை?"

"நீ ஆசையாப் பின்னினே. எப்படிச் சொல்றது?"

தாவி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. தரையில் குதித்தாள்.

"இறங்கிட்டா! மந்தி இறங்கிட்டா!" என்று கீரி கத்தினான். "வெளியே! வெளியே!"

தாவி காதில் வாங்கவில்லை. முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தாள். நாரும் பூவும் மண்ணில் உதிர்ந்தன. சுருளி உடம்பெல்லாம் ஒருமுறை சிலிர்த்து, நீளமாய் மூச்சு விட்டாள்.

யானை ஆத்தா அடிமேல் அடி வைத்து வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது.

"போட்டி நடுவில் ஏன் இறங்கினாய்?"

தாவி சுருளியின் சிவந்த கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "அவளுக்கு வலிக்குது ஆத்தா. நான்தான் இறுக்கிப் பின்னினேன். அவள்மேல் தப்பு இல்லை. எங்களை வெளியே அனுப்புறதானால் அனுப்பிடுங்க."

ஆத்தா தும்பிக்கையால் சுருளியின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். கால்களைத் தடவினாள். பிறகு சொன்னாள்: "விழுந்தால் வெளியே என்றேன். இறங்கினால் என்று சொன்னேனா? ஏறு!"

தாவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது! ஏறினாள். இந்த முறை சுருளி தன் நடையில் நடந்தாள், தன் குட்டைக் காலால் துள்ளி ஓடினாள், சொன்ன இடத்தில் நின்றாள்.

"இனி கடைசிச் சோதனை" என்றாள் ஆத்தா. ஒரு மான்குட்டியைத் தூக்கித் தவளன் முதுகில் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த காய்ந்த கிளையைப் படீரென்று ஒடித்தாள். தவளன் மிரண்டு எழும்பினான். ஆத்தா தும்பிக்கையில் ஏந்தாவிட்டால் குட்டி தரையில்தான்!

அடுத்து சுருளியின் முதுகு. கிளை படீரென்று ஒடிந்தது. சுருளியின் காது மட்டும் திரும்பியது. தாவி மெல்லக் கழுத்தைத் தட்டினாள். "ஒன்றுமில்லை அக்கா. நான் இருக்கேன்." சுருளி அசையவே இல்லை. மான்குட்டி கொட்டாவி விட்டது.

"சுருளியும் தாவியும் தேறினார்கள்!" என்று பிளிறினாள் ஆத்தா.

தாவி சுருளியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். தாய் முயல்களும் தாய் மான்களும் "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டன. தவளனுக்குக்கூட உள்ளூர நிம்மதிதான். பாறைப் பாதை என்றாலே அவனுக்கு நடுக்கம். கரம்புக்காட்டில் ஓட இடம் நிறைய உண்டு என்று சொல்லிக்கொண்டே கீரியோடு இறங்கிப் போனான்.

குட்டிகள் எல்லாம் ஒரு கீறல்கூட இல்லாமல் சுனைக்குப் போய்ச் சேர்ந்தன.

பார்ப்பவர் கண்ணுக்கு அழகாகத் தெரிவதைவிட, நம்மைச் சுமப்பவருக்கு வலிக்கிறதா என்று கேட்பதே பெரிது.