இலைவெட்டித் தேனீக்குப் பெயர் வந்தது

ஒரு வீட்டுத் தோட்டத்துச் சுவரில் திருகாணி கழற்றிய துளை ஒன்று இருந்தது. அதில் ஓர் இலைவெட்டித் தேனீ குடியிருந்தாள். அவளுக்குக் கூட்டமும் இல்லை, ராணியும் இல்லை, கூப்பிட்டால் ஓடி வர உறவும் இல்லை. ரோஜா இலையை வட்டமாக நறுக்கி வந்து, சுருட்டி அறை கட்டி, மகரந்தம் நிரப்பி, அன்று காலைதான் முட்டையிட்டிருந்தாள். இனி இலையால் வாசலை அடைக்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

இலையோடு அவள் திரும்பியபோது வாசலில் கேமரா நின்றது.

“நில்லும்மா. நீ யாரு?”

“இங்க குடியிருக்கிறவ. வழி விடுங்க, புள்ள உள்ள இருக்கு.”

“பேரைக் கேட்டா புள்ளைங்கிற. இந்தத் தோட்டத்துத் தேனீ எல்லாத்துக்கும் பேர் பதிஞ்சாச்சு. பட்டியல்ல இல்லாதவ நீ ஒருத்திதான்.”

“இத்தனை நாள் இல்லாமத்தானே இருந்தேன்?”

“அதான் தப்பு. முகத்தைக் காட்டு.”

“முதல்ல கதவைப் போடுடி,” என்றது ரோஜாச்செடி.

“கேக்கும்போது காட்டலைன்னா, ஒளியறேன்னு நினைச்சுப்பாங்க அக்கா.”

இலையைக் கீழே போட்டாள். முகத்தைக் காட்டினாள். கேமரா இறக்கை நரம்பைக் கேட்டது, விரித்தாள். வயிற்றின் அடியில் மகரந்தம் ஒட்டும் மயிரைக் கேட்டது. கூசிக்கொண்டே திரும்பிக் காட்டினாள்.

கேமரா படங்களை வெளியூர் நிபுணர்களுக்கு அனுப்பியது. ‘மங்கலாக உள்ளது. அசையாத படம் தேவை’ என்று பதில் வந்தது.

“ஒரு நிமிஷம் ஆடாம இருக்கத் தெரியாதா உனக்கு?”

“வாசல் திறந்து கிடக்கும்போது எந்த அம்மா ஆடாம இருப்பா?”

தோட்டத்துக்குச் சொந்தக்காரி இவாஞ்சலின் ஜாம் பாட்டிலோடு வந்தாள். கெட்டவள் இல்லை. “பயப்படாதே செல்லம். குளிர்ல கொஞ்சம் மரத்துப்போவே, அவ்வளவுதான். ஒரே ஒரு போட்டோ, உடனே விட்டுடறேன்,” என்று பிடித்து மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

“பத்து நிமிஷம்தான்,” என்றது ஃப்ரிட்ஜ். “இங்க வந்தா எல்லாரும் நல்ல பிள்ளை ஆயிடுவாங்க.”

“அண்ணே, என் வாசல்…”

“பக்கத்துல மோர் இருக்கு பாரு, எவ்வளவு சமத்தா இருக்கு.”

பத்தாவது நிமிடத்தில் கேமராவுக்குச் சார்ஜ் தீர்ந்தது. அது சாவகாசமாக ஒரு மணி நேரம் மின்சாரம் குடித்தது.

அதற்குள் துளைக்கு எறும்புகள் வந்தன. “வீட்ல யாருங்க?” என்று முதல் எறும்பு மரியாதையாகக் கேட்டது.

“அவ பேர் பதியப் போயிருக்கா. கொஞ்சம் பொறுங்களேன்,” என்றது சுவர்.

“பொறுக்கிறோம். உள்ள உக்காந்து பொறுக்கிறோம்.”

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த வெள்ளைத் தட்டில், கால் அசைக்க முடியாமல் அவள் கிடந்தாள். படங்கள் பளிச்சென்று விழுந்தன. வெயில் பட்டு உடம்பு இளகியதும் பறந்தாள். துளைக்குள் மகரந்தம் இல்லை. முட்டை இல்லை. கடைசி எறும்பு வாயைத் துடைத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனது.

மாலையில் கேமரா குதூகலமாக வந்தது. “பேர் வந்திடுச்சு! நீளமா, லத்தீன்ல! உன்னைப் பத்தி எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க, கேளு: ‘இந்த இனத்துத் தாய், முட்டையிட்ட அறையை அடைக்காமல் விட்டுச் செல்வதில்லை.’”

அவள் துளைக்குள் தலையை வைத்தபடி இருந்தாள்.

கேமரா எட்டிப் பார்த்தது. திறந்து கிடந்த வாசலை ஒரு படம் எடுத்தது. பிறகு, அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டது.