வௌவால் பிடித்த பிடி

அந்தக் காலத்தில் வௌவாலும் மற்றவர்களைப் போலக் கிளைமேல் நிமிர்ந்துதான் உட்காரும். பேச்சு எல்லா வாய்க்கும் பொதுவாக இருந்த காலம் அது. ஆற்றோரத்து ஆலமரத்தில் மாராயி என்றொரு வௌவால் இருந்தாள். அகலச் சிறகுக்காரி. அவள் சிறகை விரித்தால் மைனாக்கள் தின்பதை மறந்து பார்க்கும். அப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவளும் அடிக்கடி விரிப்பாள்.

அந்தப் பெருமைக்குக் கேடு ஓர் அணிலால் வந்தது. மேல்கிளைக்காரி, பெயர் பூவாத்தா. தன் குட்டிகள் இரண்டுக்கும் தென்னம் பன்னாடையில் தூளி கட்டி, அதை நார்க்கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். வெயிலடித்தால் காற்றுக்காகத் தூளியை இறக்க வேண்டும். மழை வந்தால் இலைக்கடியில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் முடிச்சை அவிழ்த்துக் கட்டிப் பல் வலி கண்டதுதான் மிச்சம். மூங்கில் குச்சியில் இரண்டு துளை போட்டுக் கயிற்றைக் கோத்துப் பார்த்தாள், குச்சி பிளந்தது. நத்தை ஓட்டில் கோத்தாள், கயிறு வழுக்கியது. கடைசியில் கொட்டாங்குச்சிச் சில்லு ஒன்றில் பல்லாலேயே இரண்டு துளை குடைந்தாள். கயிறு ஒரு துளையில் ஏறி, கிளையைச் சுற்றி இறங்கி, மறு துளையில் நுழைந்து, நுனியில் போட்ட முடிச்சில் நின்றது. சில்லைக் கீழே இழுத்தால் தூளி ஏறியது. மேலே தள்ளினால் இறங்கியது. கையை எடுத்ததும் சில்லு சாய்ந்து கயிற்றைக் கவ்விக்கொண்டது.

மரமே அங்கே கூடிவிட்டது. மைனாக்கள் முறை வைத்துச் சில்லை இழுத்து விளையாடின. மாராயி சிறகை விரித்தாள். யாரும் திரும்பவில்லை. இன்னும் நன்றாக விரித்தாள்.

"கொஞ்சம் மடக்குங்கக்கா, மறைக்குது" என்றது ஒரு மைனா.

மாராயிக்கு வயிறு எரிந்தது. "கொட்டாங்குச்சிக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்று தன் மகன் சடையனிடம் பொருமினாள். அவனுக்கு இன்னும் பறக்க வராது. அவன் கண்ணும் தூளிமேலேயே இருந்தது.

"அம்மா, நானும் அதுல ஒருக்கா படுக்கட்டுமா?"

"அவ தூளிப் பக்கம் போனீன்னா காலை ஒடிச்சுப் போடுவேன்!"

ஊரார் போனால் போகிறார்கள், பெற்ற பிள்ளையுமா? அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அணிலிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் கேட்க வாய் வர வேண்டுமே.

மறுநாள் உச்சிவெயிலில் பழம் தின்றுவிட்டுத் திரும்பினாள் மாராயி. தூளி என்றைக்கும் இல்லாத அளவுக்கு இறங்கி, அவள் கிளைக்கு நேராகத் தொங்கியது. 'என் கண்ணுல படணும்னே இறக்கி வெச்சிருக்கறா' என்று நினைத்தாள். பூவாத்தா தன் குட்டிகள் இரண்டோடும் ஆற்றோரத்தில் விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாய் மூடிக் கிடந்த தூளி காலியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. கீழே பாறை. அதில் விழுந்து, எல்லார் கண்ணெதிரிலும் அது கிழிந்து கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்த ஆசையில் தன் மகன் எங்கே என்றுகூடப் பார்க்கவில்லை.

மேல்கிளைக்குப் போனாள். நுனி முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். சில்லு கழன்று கயிறு ஓடத் தொடங்கியது.

"அம்மா!"

தூளிக்குள்ளிருந்து சடையனின் குரல்.

சிறகு விரிக்க நேரமில்லை. கால் நகங்களைக் கிளையில் மாட்டித் தலைகீழாகப் பாய்ந்து, ஓடுகிற கயிற்றை வாயால் கவ்வினாள். பாறைக்கு ஒரு சாண் மேலே தூளி நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தாள். பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்து, இரண்டு சிறகாலும் மூடிக்கொண்டாள்.

பூவாத்தா பதறி ஓடி வந்தாள். "ஐயோ அக்கா! நீங்க போனதும் பையன் அழுதுட்டே இருந்தானுங்க. அவனுக்கு எட்டட்டும்னுதான் தூளியை உங்க கிளை வரைக்கும் இறக்கி வெச்சேன்."

சொல்லிக்கொண்டே கயிற்றின் நுனியைப் பார்த்தாள். முடிச்சைக் காணோம். மாராயியின் பல்லில் தேங்காய் நார் ஒட்டிக்கொண்டிருந்தது. பூவாத்தாவுக்கு விளங்கிவிட்டது.

"சரி, பையனை இங்க குடுங்க. மேலே ஏறி உக்காருங்க" என்றாள்.

"மாட்டேன். காலை எடுக்க மாட்டேன்."

"பயப்படாதீங்கக்கா. கயிறு நல்லாத்தான் இருக்குது. மறுபடியும் முடிஞ்சு தர்றேன்."

"கயிறு எப்பவும் நல்லாத்தான் இருந்துது" என்றாள் மாராயி. அவள் கண்ணீர் நெற்றி வழியாகக் கீழே சொட்டியது.

சாயங்காலமாயிற்று. பூவாத்தா எவ்வளவோ கெஞ்சியும் அவள் நிமிரவில்லை. பிறர் பார்க்க விரித்த சிறகு பிள்ளைக்குப் போர்வையானது அன்றைக்குத்தான். இன்றும் வௌவால் கூடு கட்டுவதில்லை, தன் பிள்ளையைத் தூளியில் போடுவதில்லை. அதை நெஞ்சோடு மூடி வைத்துத் தலைகீழாகவே தொங்குகிறது. தூங்கும்போதுகூட அதன் கால் கிளையை விடுவதில்லை.