காயத்துக்கு நூல் போதவில்லை

முன்னொரு காலத்தில் கூத்தங்குளம் சீமையைக் குமரவேழன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். என்ன, அவருக்கு யோசனை வருவதற்கு முன்பே உத்தரவு வந்துவிடும்.

ஒருநாள் அரண்மனைத் தோட்டத்தில் புடலங்காய்களை நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தார். எது நீளம் என்று பார்ப்பதில் அவ்வளவு ஆசை. அந்த நேரம் பார்த்துப் படைத்தலைவர் வந்து நின்றார்.

"மகாராஜா, வடக்குச் சண்டையில் அடிபட்டவர்கள் பிழைப்பில்லாமல் நிற்கிறார்கள். யாருக்கு எவ்வளவு மானியம் கொடுப்பது?"

ராஜா கையிலிருந்த நூலைப் பார்த்தார். "அளந்து கொடுங்கள்! காயம் ஒரு விரற்கடை நீளம் இருந்தால் வருஷத்துக்கு ஒரு கலம் நெல். முடிந்தது!"

அளக்கும் வேலை காரியக்காரர் திருமேனிநாதரிடம் போனது. மறுநாளே ராஜா சபை கூட்டியிருந்த முற்றத்தில் வரிசை. கூடாரத்தில் உட்கார்ந்து பலாப்பழம் நறுக்கியபோது கையைக் கீறிக்கொண்ட சமையல்காரருக்குப் பன்னிரண்டு கலம். கீறல் அவ்வளவு நீளம். ஒரு கண்ணை இழந்த வில்லாளி வேலப்பனுக்கு ஒன்றரைக் கலம். அடுத்து, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத ஈட்டிக்காரர் ஒச்சு.

"காயம் பட்டது எந்தக் காலில்? அந்தக் காலைக் கொண்டுவாரும், அளக்கிறேன்" என்றார் காரியக்காரர்.

"அது போர்க்களத்திலேயே கிடக்குதுங்க."

"போய் எடுத்து வாரும். நடந்து போனால் நாலே நாள்."

ஒச்சுவுக்குப் பின்னால் நின்றவர் முத்திருளன். யானைமேல் உட்கார்ந்து போர்முரசு கொட்டியவர். சிதறி ஓடிய படையைத் திருப்பிக் கூட்ட மூன்று நாள் விடாமல் கொட்டினார். படை திரும்பியது, அவர் காது இரண்டும் செவிடாகிவிட்டன. ராஜா அன்று தன் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். அந்த மாலை தனக்கு வரவேண்டியது என்று திருமேனிநாதர் இன்னமும் பொருமிக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பிய முத்திருளன் ஒரு கல்யாணத்துக்கு மேளம் அடிக்கப் போனார். தாலி கட்டி முடிந்து, பந்தி போட்டு, பாயசமும் ஊற்றிவிட்டார்கள். இவர் மட்டும் கெட்டிமேளம் கொட்டிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் உலைக்கு அரிசி இல்லை.

"காயம் எங்கே?" என்றார் காரியக்காரர். முத்திருளனின் மனைவி சடைச்சி அதைக் கைச்சாடையில் சொன்னாள். அவர் காதுகளைக் காட்டினார். காரியக்காரர் காதைப் பிடித்து இழுத்தார், மடக்கினார், உள்ளே எட்டியும் பார்த்தார்.

"ஒரு கீறல்கூட இல்லை. பூஜ்யம்!"

"ஆனா கேட்காதுங்களே, ஐயா" என்றாள் சடைச்சி.

"கேட்காததற்கு எங்கே நூல் பிடிப்பது? அதுவும் ஒரு வரம்தான் அம்மா. உன் வாயிலிருந்து தப்பித்தாரே!"

சபை சிரித்தது. முத்திருளனுக்குச் சிரிப்பு கேட்கவில்லை. குலுங்கிய தொந்திகள் தெரிந்தன. சடைச்சியின் முகம் சுண்டிப்போனதும் தெரிந்தது. அதுதான் அவரைச் சுட்டது.

நேரே ராஜாவின் முன்னால் போய்க் கும்பிட்டார். தன் குரல் தனக்கே கேட்காததால் போர்க்களத்தில் கத்துவதுபோல் கத்தினார். தூணில் இருந்த புறாக்கள் பறந்தன.

"மகாராஜா! என் காயம் ரொம்ப நீளம்! காரியக்காரர் நூலைத் தப்பான இடத்தில் பிடிக்கிறார்!"

நீளம் என்றதும் ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எவ்வளவு நீளம்?"

சடைச்சி அதைக் கையை விரித்துச் சாடையில் கேட்டாள். முத்திருளன் சொன்னார்: "முன்னே கரட்டுமலையில் ஒரு குதிரை கனைத்தால் இங்கே இருந்து எனக்குக் கேட்கும். இப்போது இவள் தோளோடு நின்று கூப்பிட்டாலும் கேட்கவில்லை. மலையிலிருந்து என் தோள்வரை எனக்கு இருந்தது போய்விட்டது. அதுதான் காயம். ஒரு முனையை நான் பிடிக்கிறேன். மறு முனையோடு காரியக்காரர் மலைக்கு நடக்கட்டும்."

"மகாராஜா, இது குதர்க்கம்!" என்றார் திருமேனிநாதர்.

"நீளத்தை அளக்கச் சொன்னேன். நீளம் இருக்கிறது. நடவும் ஐயா!"

கோட்டை வாசலிலேயே நூல் தீர்ந்தது. நெசவாளர் தெருவிலிருந்து கண்டு கண்டாக நூல் வந்தது. அதுவும் தீர்ந்தது. காரியக்காரரின் தலைப்பாகையையே பிரித்துக் கிழித்து முடிந்தார்கள். சாயங்காலம் அவர் மொட்டைத் தலையோடு, காலில் முள்ளோடு நொண்டிக்கொண்டு வந்தார்.

"எத்தனை விரற்கடை?" என்றார் ராஜா.

"பன்னீராயிரம்வரை எண்ணினேன், மகாராஜா. அப்புறம் ஒரு ஆடு நூலைத் தின்றுவிட்டது."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. அதற்குள் ஒச்சு முன்னால் வந்தார். "என் வயல் வரப்பில் இனி என்னால் நடக்க முடியாதுங்க. அதையும் அளக்கச் சொல்லுங்க." "எனக்கு இடப்பக்கத்து வானம் பூராவும் தெரியலீங்க" என்றார் வேலப்பன். காரியக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ராஜாவின் சிரிப்பு நின்றது. "முத்திருளா, இந்தக் கணக்குக்கு என் களஞ்சியம் காணாதே!" சடைச்சி அதையும் சாடையில் சொன்னாள்.

"அவ்வளவு நெல் எங்களுக்கு எதுக்கு, மகாராஜா? காயம் எத்தனை விரற்கடை என்று கேட்காதீர்கள். அதனால் இவனுக்கு என்ன முடியாமல் போயிற்று என்று கேளுங்கள். பார்த்த வேலையில் பாதி போயிருந்தால் பாதிச் சம்பளம். முழுசும் போயிருந்தால் முழுச் சம்பளம்."

ராஜா மடியில் கிடந்த கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். உத்தரவு வருவதற்கு முன்னால் அவருக்கு யோசனை வந்தது அன்றைக்குத்தான். பிறகு இறங்கி வந்து ஒச்சுவின் தோளைத் தொட்டார். "அப்படியே ஆகட்டும். இனிமேல் மானியத்துக்கு அதிகாரி நீதான், முத்திருளா. திருமேனிநாதர் சடைச்சியிடம் கைச்சாடை கற்றுக்கொண்டு, மனுக்களை உனக்குச் சொல்லட்டும்."

சமையல்காரரின் பன்னிரண்டு கலம் அன்றே ரத்தானது. அவர் பலாப்பழத்தை எப்போதும்போல் நறுக்கிக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு மாதம் கழித்து ராஜாவின் மைத்துனர் வந்தார். கால் சுளுக்காம், ஓர் அடி வைக்க முடியாதாம், முழு மானியம் வேண்டுமாம். முத்திருளனைக் கர்ணன் என்றார், தர்மன் என்றார், தன் அக்காளின் சிபாரிசைச் சொன்னார். பேச்சு சூடேற, முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே பேசினார். திருமேனிநாதர் கை வலிக்க வலிக்கச் சாடை காட்டினார். முத்திருளன் அவர் கையைப் பார்க்கவில்லை. மைத்துனரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா ரொம்ப நன்றாக நடக்கிறார். பூஜ்யம்! அடுத்த ஆளை வரச் சொல்!" என்று கத்தினார்.