தூசும் பஞ்சும்

ராஜபாளையத்தில் ஒரு குரு இருந்தாள். சீடனைவிட வயதில் சின்னவள். பெயர் நிலோபர். கல்யாண வீடுகளில் டிஜிட்டல் கேமராவால் படம் எடுத்துப் பிழைத்தாள். பழைய பிலிம் கேமராவை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தொடுவாள். பிலிம் கழுவுவது அவள் வீட்டுக் குளியலறையில்.

சீடன் பெயர் வனராஜ். அவன் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்த வாத்தியார் அவளை ‘டீச்சர்’ என்பான். அவள் அவனை ‘அண்ணே’ என்பாள்.

குருவிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. பிலிம் இருக்கிற இடத்தில் ஃபேன் ஓடக் கூடாது. காற்று தூசைக் கிளப்பும். தூசு ஈரப் பிலிமில் ஒட்டும். ஸ்கேன் செய்தால் படத்தில் வெள்ளைப் புள்ளியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இது வனராஜின் உடம்பிலேயே ஊறிப்போய்விட்டது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் கை முதலில் ஃபேன் சுவிட்சைத் தேடும். ஒருமுறை பரீட்சை நடந்த வகுப்பில் அணைத்துவிட்டு, பிள்ளைகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அப்படியும் அவன் படங்களில் புள்ளி விழுந்தது. அவன் பயந்த சுபாவம். காய்ந்ததா, கறை இருக்கிறதா என்று பிலிமைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பான். தொடத் தொடத் தூசு. குருவிடம் அவனோடு படம் பழகும் தினகர் சும்மா இருக்க மாட்டான். “அண்ணே, உங்க படத்துல மட்டும் பனி பெய்யுது. நம்ம ஊரு எப்ப கொடைக்கானல் ஆச்சு?”

அந்த வருடம் நூலக அரங்கில் கண்காட்சி வைப்பது என்று முடிவானது. ஆளுக்கு ஒரு படம். வனராஜ் தன் அம்மாவின் படத்தைத் தேர்ந்தெடுத்தான்.

அம்மாவுக்கு நூற்பாலையில் வேலை. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவளை சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தி எடுத்திருந்தான். “இருடா, தலையத் தட்டிக்கிறேன்” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் எடுத்தாகிவிட்டது. நிமிர்ந்த முகம். அந்த ஆலையே தன்னுடையது என்பதுபோல நின்றிருந்தாள்.

ஆனால் ஸ்கேன் செய்து பார்த்தால் எங்கும் வெள்ளைப் புள்ளி. வானத்தில், சேலையில், தலைமுடியில். தலையில் இருப்பது ஆலைப் பஞ்சாகவும் இருக்கலாம், தூசாகவும் இருக்கலாம். படத்தில் இரண்டும் ஒரே வெள்ளை. இப்படியே மாட்டினால், பிலிம் கழுவத் தெரியாதவன் என்று ஊர் சிரிக்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக அழித்தான். கழுத்து வலிக்க வலிக்க அழித்தான். கடைசியில் படம் பளிங்குபோல இருந்தது. அதைக் கொண்டுபோய் குருவிடம் காட்டினான். தினகரும் அங்கே இருந்தான்.

குரு வெகுநேரம் பார்த்தாள்.

“அம்மா வேலைக்குக் கிளம்புறப்ப எடுத்ததாண்ணே?”

“இல்ல டீச்சர். வேலை முடிஞ்சு வர்றப்ப.”

“அப்படித் தெரியலையே.”

அவன் முகம் சுருங்கியது. எது தூசு, எது பஞ்சு என்று தெரியாததால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாக உண்மையைச் சொன்னான். பிறகு கேட்டான்.

“ரெண்டையும் எப்படிப் பிரிச்சுக் கண்டுபிடிக்கிறது டீச்சர்?”

குரு கையை நீட்டினாள். நெகட்டிவைக் கேட்டு வாங்கினாள். ஒரு பேசினில் சுத்தமான தண்ணீர் பிடித்து, அதில் மெல்ல அலசினாள். மறுபடி அலசினாள். குளியலறைக் கொடியில் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஃபேனையும் அணைத்தாள். மூன்று பேரும் வியர்வையில் குளித்தார்கள். சந்தேகம் ஒருத்தருக்கு, வேக்காடு எல்லாருக்குமா என்று தினகர் முனகினான்.

காய்ந்ததும் புதிதாக ஸ்கேன் செய்தாள். வானத்துப் புள்ளிகளைக் காணோம். சேலைப் புள்ளிகளைக் காணோம். தலையில் இருந்தவை மட்டும் அப்படியே இருந்தன. காதோரம் ஒன்று, வகிட்டின் மேல் நாலைந்து, பின்கொண்டையில் ஒரு கொத்து.

“இன்னும் போகலையே டீச்சர்” என்றான் தினகர்.

“கழுவியும் போகாதது தூசு இல்ல.”

வனராஜ் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு இன்னும் பயம். “நமக்குத் தெரியுது. பாக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பக்கத்துல நின்னு சொல்லுங்க.”

கண்காட்சி அன்று காலையில், நூலகக் காவலாளி அரங்கைத் திறந்து ஃபேன்களைப் போட்டுவிட்டுப் போனதும் முதலில் வந்தவன் வனராஜ்தான். உள்ளே வந்தவன், பழக்க தோஷத்தில், எல்லா ஃபேனையும் அணைத்துவிட்டான். சுவரில் தொங்கியது பிரிண்டு, பிலிம் அல்ல என்பது அவன் கைக்குத் தெரியவில்லை.

மதுரையிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். காலமெல்லாம் ஸ்டுடியோ நடத்தியவர். அம்மாவின் படத்தருகே நின்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

“முகம் அருமையா வந்திருக்கு. கழுவினது யாரு? தலையெல்லாம் தூசா விட்டு வச்சிருக்காரே.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.  வனராஜ் குருவைத் தேடினான். அவள் எதிர்ச்சுவரில் ஏற்கெனவே நேராக இருந்த ஒரு படத்தை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் அம்மா வந்து நின்றாள். வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் தாமதமாகும் என்று ஷிப்ட் முடிந்த கையோடு வந்திருந்தாள். சுவரில் தன்னைப் பார்த்தாள். தன்னையே பார்க்கும் கூட்டத்தையும் பார்த்தாள். அவள் கை தானாகத் தலைக்குப் போனது.

“தட்டாதம்மா” என்றான் வனராஜ்.

கை பாதியில் நின்றது. அவன் அம்மாவிடம் போய் நின்றுகொண்டு பெரியவரைப் பார்த்துச் சொன்னான்.

“கழுவினது நான்தான் சார். அது தூசு இல்ல, பஞ்சு. இவங்க எங்க அம்மா. மில்லுல வேலை பாக்குறாங்க.”

பெரியவர் படத்தைப் பார்த்தார். அம்மாவின் தலையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மா கையைக் கீழே இறக்கினாள். படத்தில் இருந்ததுபோலவே நிமிர்ந்து நின்றாள்.

கூட்டம் நகர்ந்த பிறகு, வனராஜ் மெதுவாகக் குருவிடம் வந்தான்.

“நான் சொன்னது சரிதானா டீச்சர்?”

குரு அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தாள்.

“அம்மாவுக்கு வேர்க்குது. ஃபேனைப் போடுங்கண்ணே.”