ஓலை முடிந்தது, வரிசை முடியவில்லை

கேளுங்கள் பெரியோரே, சிறியோரே! ஆண்டுக் கணக்கு எட்டாத முற்காலத்தில், மணிமலை நாட்டைக் கருங்கண்டன் என்னும் மந்திரவாதி கைப்பற்றினான். தன்னை வணங்காத ஆயிரம் பேரைக் கல்லாக்கிக் கோட்டை மதிலோரம் ஒரே வரிசையாக நிறுத்தினான். சிலை ஒன்று, சிலை இரண்டு என ஒவ்வொரு நெற்றியிலும் எண் பொறித்தான். ஆயிரமாவது சிலை குமுதவல்லி. எழுத்தோலை பதப்படுத்தி விற்கும் நன்முல்லை அவளுடைய தங்கை.

மந்திரவாதி பறையறைவித்தான்: "என் பூதத்திடம் உயிர்நீர் உண்டு. ஒரே ஓலையில் ஆணை எழுதுங்கள், எழுதியபடி தெளிக்கும். அனைவரும் உயிர்பெற்றால் நாட்டைவிட்டுப் போகிறேன். ஒருவர் எஞ்சினாலும் எழுந்தவர்கள் மறுபடி கல், எழுதியவரும் கல்!"

இளவரசன் எழுதினான்: "சிலை ஒன்றின்மேல் தெளி. சிலை இரண்டின்மேல் தெளி. சிலை மூன்றின்மேல் தெளி." பன்னிரண்டாம் சிலையோடு ஓலை முடிந்தது, வரிசை முடியவில்லை. இளவரசன் கல்லாகி வரிசையின் கடைசியில் சேர்ந்தான்.

அமைச்சர் எறும்பெழுத்தில் எழுதினார். நாற்பதாம் சிலையோடு ஓலை முடிந்தது, வரிசை முடியவில்லை. அமைச்சரும் கல்லானார்.

மூன்றாவதாக நன்முல்லை வந்தாள்.

"வா, ஓலைக்காரி! பனைமரத்தையே கொண்டுவந்தாயோ?"

"சாண் ஓலை போதும்."

"உன் அக்காள் ஆயிரமாவது ஆள். மறந்துவிட்டாயா?"

"மறந்திருந்தால் வந்திருப்பேனா?"

எழுதி நீட்டினாள். உடனே கருங்கண்டன் கைதட்டினான். வேடிக்கை பார்த்த மூவர் கல்லாகி வரிசையின் கடைசியில் சேர்ந்தனர்.

"ஆயிரத்திரண்டு பேருக்குத்தானே எழுதினாய்? இப்போது ஆயிரத்தைந்து!"

"எண்ணே எழுதவில்லை. படி, பூதமே."

பூதம் உரக்கப் படித்தது: "வரிசையின் தொடக்கத்தில் நில். எதிரே நிற்பவர்மேல் தெளி. ஓரடி நகர்ந்து மறுபடியும் அதையே செய். எதிரே எவரும் இல்லையெனில் நிறுத்து." பிறகு தலையைச் சொறிந்தது. "நிற்பவர் என்றால் யார், அம்மா? பெயரைக் காணோமே!"

"எவர் நின்றாலும் அவருக்கு அதுவே பெயர். நீ நகர நகர, அந்தப் பெயருக்கு உரியவர் மாறுவார்."

பூதம் தெளித்தது, நகர்ந்தது, தெளித்தது, நகர்ந்தது. ஆயிரமாவது இடத்தில் குமுதவல்லி கண் திறந்தாள். நன்முல்லை அசையவில்லை, இன்னும் ஐவர் இருந்தனர். இளவரசன் எழுந்தான். அமைச்சர் எழுந்தார். வேடிக்கை பார்த்த மூவரும் எழுந்தனர். அவர்களை அடுத்து, இடுப்பில் கைவைத்து நின்றிருந்தவன் கருங்கண்டன்.

"நில்! நான் உன் தலைவன்!"

"எதிரே நிற்பவர்" என்று சொல்லித் தெளித்தது பூதம். மந்திரமெல்லாம் கரைந்தது, நனைந்த வேட்டியோடு வெறும் மனிதன் நாட்டைவிட்டு ஓடினான்.

வரிசை முடிந்தது, ஓலையில் இடம் மீந்தது.

"இத்தனை பேருக்கும் எழுதிக் கை வலித்திருக்குமே, தங்கச்சி?"

"நாலே வரிதான், அக்கா."

"இனி எனக்கு ஆணையிடுபவர் யார்?" என்று விழித்தது பூதம். மீந்த ஓலையை நறுக்கி, எழுத்தாணியோடு அதன் கையில் வைத்தாள் நன்முல்லை. "நீயே எழுதிக்கொள்."

நெடுநேரம் யோசித்து, பூதம் ஒரே ஒரு சொல்லை எழுதியது: உறங்கு.

எழுதியபடியே மதில் நிழலில் படுத்தது. மணிமலை மக்கள் அனைவரும் அன்று ஓசைப்படாமல் வீடு திரும்பினார்கள்.