பவளக்கொடி கையில் இருந்த வேகம்

ராஜபாளையத்துப் பக்கம் ஒரு மில்லில் பெண்கள் கூடைப்பந்து டீம் இருந்தது. ரிங்குக்கு அடியில் நின்று பந்தைப் பிடிக்கிற போஸ்ட், நெட்டையான பவளக்கொடி. பிள்ளை பெற்றுத் திரும்பி வந்திருந்தாள். பந்தைக் கொண்டு பறக்கிற கார்டு ஜெசிந்தா.

கோச் தேவசகாயத்துக்கு வேகம்தான் சாமி. "பிள்ளை பெத்தவ தேர் மாதிரி அசையுறா. ஜெசிந்தாவுக்கு முந்தி அந்தக் கோடி ரிங்குல கூடை போடு பாப்போம். முடியலைன்னா பனியனைக் குடுத்துட்டுப் போயிரு!" என்றார்.

"மேட்ச்ல ஆடுற மாதிரியேவா சார்?" என்று கேட்டாள் பவளக்கொடி.

"அப்படியேதான்!"

கோச் இந்தப் பக்க ரிங்குக்குப் பின்னால் இருந்த போர்டில் பந்தை அடித்தார். எகிறி வந்ததைப் பவளக்கொடி எட்டிப் பிடித்தாள். ஜெசிந்தா வழக்கம்போல ஓரக்கோட்டுக்கு ஓடி, பந்துக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

பவளக்கொடி பந்தைத் தரவில்லை. தட்டிக்கொண்டே, தண்ணிக் குடம் தூக்கிப் போகிற மாதிரி நிதானமாக அந்தக் கோடிக்குப் போய்க் கூடையில் போட்டாள்.

"ஏட்டி ஜெசிந்தா, மரம் மாதிரி ஏன் நின்ன?"

"பந்து கைக்கு வராம கார்டு நகரக் கூடாதுன்னு நீங்கதான சார் தினமும் திட்டுறீங்க!"

"பந்தைக் குடுக்காம போறது ஏமாத்து!" என்று கோச் பவளக்கொடி மேல் பாய்ந்தார்.

"நான் குடுத்தாத்தான் அவ ஓடுவான்னா, அவ வேகம் யார் கையில சார் இருக்கு?"

டீமே கைதட்டியது. பனியனை யாரும் கேட்கவில்லை.

அடுத்த மேட்சில் பந்து எகிறியதும் கோச் எப்போதும்போல "ஓடு ஜெசிந்தா!" என்று கத்தவில்லை. "பவளம், குடும்மா!" என்றுதான் கத்தினார்.